மரநாய்க்கு ஒன்றும் ஆகவில்லை

அந்தப் பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளைதான் அடிக்கும். டீச்சர் கேள்வி கேட்பார். தெரியாதவர்கள் வரிசையாக எழுந்து நிற்பார்கள். யார் சரியாகச் சொல்கிறார்களோ அவர்கள், நிற்பவர்களின் மூக்கை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் கன்னத்தில் ஒன்று கொடுக்க வேண்டும். மெதுவாகக் கொடுத்தால், எப்படிக் கொடுப்பது என்று அவர்களுக்கே ஒன்று கொடுத்துக் காட்டப்படும். தலைமை ஆசிரியர் மாயவன் பல வருடமாக இப்படித்தான் நடத்திவந்தார். தன் கைவலி மிச்சம் என்பார்.

தெரசா டீச்சர் அந்தக் கல்வியாண்டில்தான் மாற்றலாகி வந்திருந்தாள். கம்பைநல்லூரிலிருந்து ஆற்றோரமாக மூன்று மைல் உள்ளே இருக்கும் ஊர். அவள் படித்த பள்ளியிலும் இதே வழக்கம்தான். அதில் அவளுக்கு வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. காலனிப் பிள்ளை பதில் சொன்னால் மாயவன் "சரி, உக்காரு" என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஊரில் யாருக்கும் தோன்றியிருக்காது.

எண்பத்து நாலு, மாசி மாதம். பனி முடிந்து வெயில் தொடங்கியிருந்தது. ஐந்தாம் வகுப்பில் தெரசா பானையைக் காட்டி, அதில் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது என்று கேட்டாள்.

"நெழல்ல இருக்கறதாலீங்க டீச்சர்."

"மண்ணு மேல வெச்சதாலீங்க."

"நேத்துத் தண்ணிங்க டீச்சர் அது."

ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். வகுப்பே நின்றது. சுவரோரம் உட்கார்ந்திருந்த பச்சியம்மாள் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். காலனி முனியப்பனின் மகள். இத்தனை மாதத்தில் அவள் வாய் திறந்து தெரசா கேட்டதில்லை.

"பானைக்கு வேர்க்குதுங்க டீச்சர். வேர்வ காயறப்பச் சூட்டையும் எடுத்துக்கிட்டுப் போயிடுதுங்க."

புத்தகத்தில் இருந்ததைவிட அது நன்றாக இருந்தது. தெரசாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கேட்டீங்களாடா? நீ போயி வரிசையா குடு பச்சி."

பச்சி நகரவில்லை.

"என்ன வெக்கம்? போ."

"வேணாங்க டீச்சர்."

வகுப்பு அசையாமல் இருந்தது. பயப்படுகிறார்கள் என்று தெரசா நினைத்தாள். அது சரிதான். எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. சுவரோரம் போய் பச்சியின் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"இப்பிடிக் குடுக்கணும். போ."

பச்சி போனாள். முதல் ஆளை மெதுவாகத்தான் அடித்தாள். அப்புறம் மெதுவாக இல்லை. வரிசையின் முடிவில் வேடியப்பன் நின்றான். ஊரில் பெரிய தோப்புக்காரரான சென்றாயனின் மகன். அவன் மூக்கைப் பிடிக்கவிடாமல் தலையைத் திருப்பினான். அடி வாயில் விழுந்தது. நகம் பட்டு உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது. மதியச் சத்துணவுக்கு மணி அடித்தபோது அவன் தட்டை எடுக்காமல் வீட்டுக்கு ஓடினான்.

சென்றாயன் தோப்பில் அன்று புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். முனியப்பன் உச்சிக் கிளையில் இருந்தான். கீழே அவன் மனைவி குள்ளம்மாளும் காலனிப் பெண்களும் புளியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சென்றாயன் நாலைந்து பேரோடு வந்தார்.

"டே முனியா, எறங்கு."

"என்னாத்துக்குங்க? இந்தக் கெளைய முடிச்சுட்டு வந்துடறங்க."

"எறங்குடா."

இறங்கினான். ஒரு கால் தரையில் பட்டபோதே முதல் அடி விழுந்தது. புளி உலுக்கும் மூங்கில் கழி. முதுகில், தொடையில், மறுபடி முதுகில். எதற்கு என்று அவனுக்குத் தெரியவில்லை. தலையைக் காப்பாற்றிக்கொள்ள வலது கையைத் தூக்கினான். மணிக்கட்டில் சத்தம் கேட்டது. காய்ந்த புளியங்காயை உடைக்கிற மாதிரிதான் கேட்டது. குள்ளம்மாள் ஓடிவந்து குறுக்கே விழுந்தாள். அவள் இடுப்பில் ஒரு மிதி. கூடையில் இருந்த புளி கொட்டியது.

"எம் புள்ளைய அடிக்கற கைய வளத்து வெச்சிருக்கறயாடா?" என்று சென்றாயன் கேட்ட பிறகுதான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது. கொட்டிய புளியைப் பெண்கள் கூடையில் அள்ளி முடித்த பிறகுதான் முனியப்பனைத் தூக்க விட்டார்கள்.

தெரசா குடியிருந்தது சென்றாயனின் வீட்டில். முன்னறையில் அவள் கணவன் சவரியப்பன் தையல் மிஷின் போட்டிருந்தான். விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சென்றாயனும் மாயவனும் வந்தார்கள். சவரியப்பன் துணிகளை ஒதுக்கி பெஞ்சைக் காட்டினான்.

"காப்பி எல்லாம் வேணாங்க டீச்சர். இப்பத்தான் களி தின்னுட்டு வந்தன்" என்றார் சென்றாயன். "டீச்சர் மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. நீங்க வெளியூரு. தெரியாது. மாயவன் சாரு சொல்லியிருக்கோணும். சொல்லல. அது அவரு தப்பு."

மாயவன் தலையாட்டினார். தப்பு இவ்வளவோடு போயிற்றே என்றிருந்தது அவருக்கு.

"முனியப்பன் என்னங்க செஞ்சாரு?" என்றாள் தெரசா. "கைய ஒடிச்சிருக்கீங்க."

"ஒடிஞ்சிருச்சுங்க. ஒடிக்கணும்னு யாரும் போவல. கழி அப்பிடி உழுந்துருச்சு. நாங்களே ஆளனுப்பிக் கட்டுப் போட்டாச்சு. கட்டுக்கு ஊத்துன முட்டைகூட எங்க வூட்டு முட்டைங்க."

சவரியப்பன் மரியாதைக்குச் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"நாளைக்குப் பிரேயர்ல, வாங்குன பசங்க ஆளுக்கு ஒண்ணு திருப்பிக் குடுத்துடுவானுங்க. பிரச்சினை அதோட தீந்துரும். யாரு மனசுலயும் ஒண்ணும் இருக்காது."

"அந்தப் புள்ளையவா?"

"பின்ன உங்களையா? வாத்தியார அடிக்கற பழக்கமெல்லாம் எங்க ஊர்ல இல்லீங்க டீச்சர்."

"நான் போலீசுக்குப் போவேன்."

"போங்க. மொத பஸ்ஸு ஆறு மணிக்கு. ஆனா முனியப்பன் கூட வரமாட்டான். அவங்கிட்டப் பேசிட்டுத்தான் வர்றன். மகள நானே கூட்டியாறங்க சாமின்னுட்டான். அவனுக்கும் பொழப்பு இருக்குதில்லீங்களா? இன்னும் பாதி மரம் உலுக்காம நிக்குது."

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். வாசலில் நின்று சவரியப்பனிடம் மட்டும் சொன்னார். "நீங்க என்னா ஆளுங்கன்னு இது வரைக்கும் நாங்க கேட்டதில்லீங்க. வூடு குடுத்தப்பக் கூடக் கேக்கல. கேக்க வெச்சுடாதீங்க."

அவர்கள் தெருமுனை திரும்பும் வரை சவரியப்பன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சரீங்க சரீங்கன்னு தலைய ஆட்டறீங்க" என்றாள் தெரசா.

"வேற என்னா ஆட்டச் சொல்ற?"

"அது நாஞ்சொன்னதச் செஞ்ச புள்ளைங்க."

"சொன்னது நீதான? மூடிக்கிட்டு இரு. ஊருக்கெல்லாம் நான் துணி தெக்கறன். நாளைக்கு ஒருத்தன் வரமாட்டான்."

"நாளைக்கு நான் குறுக்க போயி நிப்பன்."

அடுப்பில் இருந்து இறக்கிய கொள்ளுச் சாறு அவள் கையில் இருந்தது. அவன் அடித்ததில் சட்டி விழுந்து உடைந்தது. சாறு அவள் பாதத்தில் கொட்டியது. அன்றைக்கு அந்த ஊரில் எல்லாக் கைக்கும் ஒரு கன்னம் கிடைத்திருந்தது.

காலையில் கொடிக்கம்பத்தின் பக்கத்தில் ஊர் ஆட்கள் நின்றார்கள். சந்தைக்கு வந்தவர்கள் போல வெற்றிலை போட்டுக்கொண்டு பேசினார்கள். முனியப்பன் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு மகளைக் கூட்டிவந்தான். பச்சி தலை வாரி, எண்ணெய் வைத்து, சுத்தமான பாவாடை கட்டியிருந்தாள். குள்ளம்மாள் அப்படி அனுப்பியிருந்தாள்.

தெரசா காலில் துணி சுற்றிக்கொண்டு வந்து பச்சிக்கு முன்னால் நின்றாள்.

"அடிக்கச் சொன்னது நான். என்னை அடிங்க."

மாயவன் பக்கத்தில் வந்தார். "டீச்சர், உள்ள போங்க. அஞ்சு நிமிசம். முடிஞ்சிரும்."

தெரசா பின்னால் கையை நீட்டிப் பச்சியின் கையைப் பிடித்தாள். பச்சி தன் கையை உருவிக்கொண்டாள். ஒரு முறை அல்ல. தெரசா மறுபடி பிடித்தபோது மறுபடியும். அப்பா எதிரில் நின்றார். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தான் அவர் கூட்டிவந்திருந்தார். இரண்டு பெண்கள் தெரசாவின் தோளைப் பிடித்து நகர்த்தினார்கள். பலமாகக்கூடப் பிடிக்கவில்லை.

பச்சி பையன்களைவிட உயரம். மாயவன் அவளை முட்டி போடச் சொன்னார்.

முதலில் வந்தவன் தொட்டுவிட்டுப் போனான். இரண்டாமவனும் அப்படியே. "என்னடா, தடவிக் குடுக்கறீங்க?" என்று ஒரு குரல் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு சத்தம் கேட்கத் தொடங்கியது. வேடியப்பன் வந்து நின்றான். உதட்டில் மஞ்சள் அப்பியிருந்தது. கையைத் தூக்கவில்லை.

"நேத்து உனக்கு எப்பிடி உழுந்துச்சோ அப்பிடி" என்றார் அவன் அப்பா.

அவன் அழத் தொடங்கினான். சென்றாயன் அவன் பிடரியில் ஓங்கி ஒன்று போட்டார். அவன் அழுதுகொண்டே கையை விரித்து வீசினான். கன்னத்தில் படவில்லை. காதில் பட்டது. பச்சி பக்கவாட்டில் சாய்ந்து, தரையில் கையூன்றி, மறுபடி நேராக முட்டி போட்டாள். முடிந்துவிட்டது என்று அவளிடம் யாராவது சொல்ல வேண்டியிருந்தது. யாரும் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகும் அவள் அங்கேயே முட்டி போட்டிருந்தாள்.

சென்றாயன் அன்று மாலை தெரசா வீட்டுக்கு ஒரு முறம் அவரைக்காய் கொடுத்தனுப்பினார். பிறகு வாரா வாரம் அனுப்பினார். சவரியப்பன் சாப்பிட்டான்.

பச்சி சில நாள் வந்தாள். வருகைப்பதிவுக்குப் பெயர் கூப்பிட்டால் வாய் திறக்க மாட்டாள். கையை மட்டும் தூக்குவாள். அப்புறம் வரவில்லை. தெரசா காலனிக்குப் போனாள். பச்சி குடிசைக்குள் இருந்துகொண்டு வெளியே வரவில்லை.

"படிச்சது போதுங்க டீச்சர்" என்றாள் குள்ளம்மாள். "நீங்க நல்லவங்கதான். ஆனா நீங்க வந்தா எங்களுக்குப் பயமா இருக்குது."

வகுப்பிலும் ஒன்று நடந்தது. தெரசா "ஏன்" என்று ஒரு கேள்வியைத் தொடங்கினால் போதும், பிள்ளைகளின் கைகள் தாமாகவே கன்னத்துக்குப் போய்விடும். அவள் கேள்வி கேட்பதை நிறுத்தினாள். பாடத்துக்குப் பதிலாக ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தாள். அணில் கூடு கட்டுவது, எறும்பு வரிசை மாறுவது, ஆற்றில் மீன் எதிர்த்து ஏறுவது. சொல்வது கதையாக மாறியது. கைகள் கன்னத்திலிருந்து இறங்கின. மாயவன் ஒரு நாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "டீச்சர், இன்ஸ்பெக்சன் வந்தா அணிலயா காட்டுவீங்க?" என்றார்.

கோடை விடுமுறையில் அந்தக் கதைகளை எழுதத் தொடங்கினாள். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். அதன் பிறகுதான் வீட்டில் சொன்னாள்.

சவரியப்பன் கத்தரிக்கோலை வீசினான். அது மிஷின் காலில் பட்டுத் தெறித்தது. "கெவுருமெண்டு உத்தியோகம். அவனவன் தவங்கெடக்கறான். நீ அணிலுக்குக் கதை எழுதப் போறியா?"

"அணிலுக்கு இல்லீங்க. புள்ளைங்களுக்கு."

"பள்ளிக்கொடத்துல இருக்கறது என்னா, ஆட்டுக்குட்டியா?"

"அங்க நின்னா கேள்வி கேட்டாகணும். கேள்வி கேக்காம ஒரு புள்ளைகிட்டப் பேசணுங்க எனக்கு. வேற வழி தெரியல."

அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி கிழிந்து வீங்கியது. மோதிய பிறகு அவனே உட்கார்ந்து அழுதான். அந்த ஊரை விட்டுப் போகலாம் என்று அவள் சொன்னதும் அழுகையை நிறுத்திவிட்டு எப்போது என்று கேட்டான். அந்த முறம் அவரைக்காயை அவனும் பயந்துகொண்டேதான் தின்றிருக்கிறான்.

அவர்கள் குடிபோன தருமபுரியில் அப்துல் ஷுக்கூர் என்பவருக்கு ஓர் அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகையும் பரீட்சை நோட்ஸும் அடிப்பார். சிறுவர் புத்தகம் போட அவருக்கு நெடுநாள் ஆசை. மெய்ப்பு திருத்துகிற வேலையையும் தெரசாவுக்குக் கொடுத்து, எழுதியதைக் கொண்டுவரச் சொன்னார். அவள் கொடுத்த கதையை நின்றுகொண்டே படித்தார். புளியமரத்தில் அணில்கள் குடியிருக்கின்றன. ஒரு மரநாய் வந்து கூட்டைப் பிய்த்துப் போடுகிறது, குட்டிகளைக் கடிக்கிறது. அணில்கள் வேறு மரம் தேடிப் போகின்றன. வழியில் மழை, ஆறு. கடைசியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிய மரம் கிடைக்கிறது.

"நல்லாருக்குதும்மா. மரநாய்க்கு என்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலீங்க பாய். அந்த மரத்துல தனியா இருக்குது."

"தனியா இருக்கறது ஒரு தண்டனையா? என் வூட்ல பதினோரு பேரு. எனக்கெல்லாம் அது பரிசும்மா."

"தண்டனை வேணாங்க."

"அது எப்பிடி? கெட்டவன் ஒதை வாங்கணும். அதப் பாக்கத்தான் புள்ளைங்க பக்கத்தத் திருப்புது. கெணத்துல தள்ளி வுடுங்க. இல்லாட்டி வேடன் ஒருத்தன வரச் சொல்லுங்க. அஞ்சு நிமிச வேலை."

"அடிச்சா அது திருந்திடுங்களா?"

"திருந்துதோ இல்லையோ, படிக்கறவனுக்கு நிம்மதி."

"அடி இல்லாம ஒரே ஒரு கதையாவது இருக்கட்டுங்க பாய். ஒரு புள்ளைக்காக எழுதுனது. அதுக்கு இன்னொரு அடிய நான் காட்ட மாட்டன்."

அவர் அவளைப் பார்த்தார். நெற்றியில் தழும்பு இன்னும் பச்சையாக இருந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை. "வியாபாரம் ஆகாது. போடறன்" என்றார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. கட்டுக்கட்டாக அச்சகத்தில் கிடந்தது. தெரசாவுக்கு அது பெரிய வருத்தமாக இல்லை. பச்சி ஒரு பிரதியைப் படிக்க வேண்டும், படித்துவிட்டு ஏதாவது ஒன்று பேச வேண்டும். அது நடந்தால் போதும் என்று இருந்தாள். அடுத்த கதையை எழுத உட்கார்ந்தாலும் அது நடக்காமல் கை ஓடவில்லை.

மறுபடி மாசி வந்தது. மதிய பஸ்ஸில் இறங்கி, ஊருக்குள் போகாமல் வயல் வரப்பில் நடந்து காலனிக்குப் போனாள். வேப்பமர நிழலில் பெண்கள் புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கட்டையால் ஓட்டைத் தட்ட, அடுத்தவள் நாரை உரிக்க, இன்னொருத்தி கொட்டை எடுக்க என்று கைகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. தட்டுகிற இடத்தில் பச்சி உட்கார்ந்திருந்தாள். ஒரு வருடத்தில் முகம் நீண்டிருந்தது. முனியப்பன் சற்றுத் தள்ளி மூட்டை தைத்துக்கொண்டிருந்தான். கை கோணலாகக் கூடியிருந்தது. மரம் ஏறுவதில்லை.

தெரசா பச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பச்சி" என்றாள். பச்சி திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.

"அந்தப் பக்கம் கேக்காதுங்க" என்றாள் குள்ளம்மாள். "சீழு வந்து அடைச்சிருச்சு. இந்தப் பக்கமா வாங்க."

தெரசா எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். பச்சி அட்டையைப் பார்த்தாள். கை வேலையை விடவில்லை.

"நான் படிக்கட்டா?"

பச்சி அடுத்த காயைத் தட்டினாள். தெரசா படித்தாள். கட்டைச் சத்தத்துக்கு நடுவே சத்தமாகப் படிக்க வேண்டியிருந்தது. கூட்டைப் பிய்க்கிற இடம் வந்தபோது சத்தம் குறைந்தது. பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அணில்கள் ஆற்றைத் தாண்டின. புதிய மரத்தில் பூ விட்டிருந்தது. படித்து முடித்தாள்.

"அப்பறம்?" என்றாள் பச்சி.

குள்ளம்மாள் வேலையை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள்.

"அவ்வளவுதான். முடிஞ்சிருச்சு" என்றாள் தெரசா. பச்சியின் குரல் மாறவே இல்லை.

"மரநாயி?"

"அந்த மரத்துலயே தனியா இருக்குது."

"யாரும் அடிக்கலீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

ஷுக்கூரிடம் சொன்ன பதில் தெரசாவிடம் இருந்தது. அதை இங்கே சொல்ல வாய் வரவில்லை.

"அடிக்கணுங்க டீச்சர்" என்றாள் பச்சி.

"ஏண்டி, டீச்சருகிட்ட என்னா பேச்சு இது?" என்றாள் குள்ளம்மாள்.

பச்சி கட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். "அணிலுங்க எல்லாம் திரும்பி வரணும். மரநாய எறங்குன்னு சொல்லணும். எதுக்குன்னு அது கேக்கும். கேட்டா வாய்லயே ஒண்ணு போடணும். கைய ஒடிக்கணும். முட்டி போட வெக்கணும். ஒவ்வொரு அணிலா வந்து அடிக்கணும். மெதுவா அடிச்சா உடக் கூடாது. எப்பிடி அடிக்கறதுன்னு அந்த அணிலையே அடிச்சுக் காட்டணும்."

அந்தக் கடைசி வரியை யாரிடம் கற்றாள் என்று அங்கிருந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். பச்சி சொல்லிக்கொண்டே போனாள். தடுமாற்றம் இல்லை. ஒரு வருடமாக அடுக்கி வைத்திருந்ததை எடுத்து வைப்பது போல ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. முனியப்பன் தைப்பதை நிறுத்தி, வரப்பில் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"பேனா இருக்குதுங்களா?" என்றாள் பச்சி. "நான் சொல்றன். எழுதுங்க."

கடைசிப் பக்கத்தில் கதைக்குக் கீழே நான்கு விரல் அளவுக்கு இடம் இருந்தது. ஒரு மரநாயை அடித்துக் கொல்ல அது போதாது. தெரசா புத்தகத்தைக் கவிழ்த்தாள். பின்னட்டையின் உள்பக்கம் முழுவதும் வெள்ளையாக இருந்தது. அதை முழங்காலில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள்.

"சொல்லு" என்றாள்.